ஒளி ஆய்ந்த கிருஷ்ணன்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர், கல்வெட்டுகளாற் புகழ்பெற்ற ஊர். குடவோலை முறையினை விளக்கும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கு உளது. அக்கல்வெட்டுகளிற் பேசப்படும் வாரியங்களுள் ஏரி வாரியம் என்பதும் ஒன்று. ஊர் ஏரியைப் பேணிக் காத்தல் அதன் கடமை. பரந்த நிலத்திற் பெய்த மழைநீர் ஓடைகளின் வழியே ஏரியிற் சேர்கின்றது. ஏரியினின்று மதகின் வழியாக வாய்க்காலை அடைந்து வயலுக்குச் செல்கின்றது. வாய்க்காலின் வாட்டம் சிறிது பிழைப்பினும் கடைமடைக்கு நீர் எட்டாது. வயலுக்கு நீர் வரும் வழியை நம் முன்னோர் இவ்வாறு நன்கு அறிந்திருந்தனர். ஆனால், அவ்வயலில் நிற்கும் நெல்லின் பசிய இலைக்குள்ளும் ஒரு வரத்து உண்டு. அஃது ஒளியின் வரத்து. அதன் வழியை மக்கள் அறியத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டிலேதான்.

இலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். கதிரவன் ஒளியை ஏற்று, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் தந்த நீரையும் கொண்டு உணவாக்கும் வேலை அதனால் நடைபெறுகின்றது. பச்சையத்தின் மூலக்கூறு ஒவ்வொன்றும் தனித்தனியே இவ்வேலையைச் செய்கின்றது என்றுதான் முதலிற் கருதினர். 1932 ஆம் ஆண்டில் எமர்சன், ஆர்னால்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் நுண்ணிய பாசியின்மேல் மின்னலெனத் தோன்றி மறையும் ஒளியைப் பாய்ச்சி அளந்தனர். ஒரு பிராணவாயு மூலக்கூறு வெளிப்படுதற்கு ஏறத்தாழ 2,500 பச்சைய மூலக்கூறுகள் இருத்தல் வேண்டும் என்பது புலனாயிற்று. ஒளியை ஏந்துவன பல. வினை நிகழும் மையமோ ஒன்று. ஏந்திய ஆற்றல் ஒரு மூலக்கூற்றினின்று மற்றொன்றுக்குக் கைம்மாறிக் கைம்மாறி அம்மையத்தை அடைகின்றது.

அது செல்லும் வழியை அறிய இரண்டு வித்தைகள் வேண்டும். பொருளினின்று வரும் ஒளியை வண்ணம் வண்ணமாகப் பிரித்து, அதன் நிறமாலையைப் படிக்கத் தெரிதல் ஒன்று. கண்ணுக்குத் தோன்றாத மூலக்கூறுகள் எத்திசை நோக்கி, எவ்வளவு சாய்ந்து கிடக்கின்றன என்று காணத் தெரிதல் மற்றொன்று. இவ்விரண்டிலும் உலகம் வியக்கும் தேர்ச்சி பெற்றவர் ஒரு தமிழர். அவரே கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். கே. எஸ். கிருஷ்ணன் என்று அறிவியல் உலகம் அவரை அழைக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்பு என்னும் ஊர் உளது. அவ்வூரில் 1898 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4 ஆம் நாள் கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் உழவுத் தொழிலர். அத்துடன் தமிழும் வடமொழியும் கற்றுத் தேர்ந்தவர். ஏடும் ஏரும் ஒரே வீட்டில் இருந்த காலம் அது. ஆண்டாள் பிறந்த திருவில்லிபுத்தூரில் உயர்நிலைக் கல்வியை முடித்த கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் அக்கிறித்துவக் கல்லூரியிலேயே வேதியியற் பகுதியிற் செயல்விளக்குநராக அமர்ந்தார். நண்பகல் உணவு வேளையில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்களாம். கணக்காயினும், இயற்பியலாயினும், வேதியியலாயினும், எவ்வகை ஐயத்தையும் அவரிடம் கேட்கலாம். பாடத்திட்டம் என்னும் வேலி அங்கு இல்லை. பிற கல்லூரி மாணவரும் அக்கூட்டத்தை நாடி வந்தனர் என்பர்.

அந்நாளில் அறிவியல் ஆய்வில் நாட்டமுடைய இளைஞர்க்குக் கல்கத்தாவே திசை. அங்கே, அரசாங்கக் கணக்குத் துறையில் தாம் வகித்த உயர்பதவியை 1917 இல் துறந்து, பல்கலைக்கழகப் பேராசிரியராகிவிட்ட சந்திரசேகர வேங்கட இராமன் இருந்தார். 1920 இல் கிருஷ்ணன் கல்கத்தா சென்றார். 1923 இல், மகேந்திரலால் சர்க்கார் 1876 ஆம் ஆண்டில் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், இராமனுடைய ஆய்வுத்துணைவரானார்.

நீர், எண்ணெய், சாராயம் போன்ற நீர்மங்கள் ஒளியை எங்ஙனம் சிதறச் செய்கின்றன என்பதே அக்கழகத்தில் அந்நாளில் நடந்த பெருவேலை. முறை மிக எளியது. கதிரவன் ஒளியை ஒரு பெரிய வில்லையாற் குவித்து, அதன் வழியில் நீல ஊதாக் கண்ணாடி ஒன்றை வைப்பர். நீல ஒளி மட்டும் நீர்மத்துள் நுழையும். பார்ப்பவர் கண்ணுக்கு முன்னே, நீலத்தை முற்றிலும் தடுக்கும் வேறொரு கண்ணாடி இருக்கும். உள்ளே சென்ற ஒளி நிறம் மாறாமல் வெளிவருமாயின் ஒன்றும் தெரிதல் ஆகாது. ஆயினும், ஏதோ ஒரு மங்கிய ஒளி தெரிந்துகொண்டேயிருந்தது. 1923 இல் கே. ஆர். இராமநாதன் அதனைக் கண்டார். நீர்மத்திற் கலந்த அழுக்கே உடனொளிர்வு காட்டுகின்றது என்று எண்ணி, அதனைத் திரும்பத் திரும்பத் தூய்மை செய்தனர். மங்கல் ஒளி மறையவில்லை. 1925 இல் கிருஷ்ணனும் தாம் ஆய்ந்த நீர்மங்கள் சிலவற்றில் அதனைக் கண்டு குறித்துவைத்தார். ஐந்தாண்டுக் காலம் அஃது அழுக்கென்றே பெயர் பெற்று ஒரு மூலையிற் கிடந்தது. பெருங்கண்டுபிடிப்புகள் பலவும் இவ்வாறே வாயிலில் நின்று காத்துக்கிடக்கின்றன.

1928 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கிருஷ்ணன் கணக்கும் கோட்பாடுமாகவே காலங்கழித்துக்கொண்டிருந்தார். ஆய்வாளன் நெடுநாள் கருவிகளைத் தொடாதிருத்தல் நலமன்று என்று கருதிய இராமன், அவரை மீண்டும் செய்முறைக்குத் திருப்பினார். பிப்ரவரி முதல் வாரத்தில் கிருஷ்ணன் ஆந்திரசீன் என்னும் பொருளின் ஆவியை எடுத்துக்கொண்டார். அதன் உடனொளிர்வு வலிமையாகவே இருந்தது. ஆனால், அதன் அலைகள் எல்லாத் திசையிலும் ஒப்பவே அதிர்ந்தன. அடுத்து நீர்மங்களை ஆராய்ந்தார். பிப்ரவரி 7 ஆம் நாள் அவர் கண்டது வேறு. தூய நீர்மங்கள் யாவும் அம்மங்கிய ஒளியைக் காட்டின. அது மட்டுமன்று, அவ்வொளியின் அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்ந்தன. உடனொளிர்வு அத்துணை ஒழுங்காக அதிர்தல் அரிது. ஆகவே, அஃது அழுக்கின் வேலையன்று, நீர்மத்தின் வேலை, சிதறலின் ஒரு புதுவகை.

அன்றிரவு உணவு முடிந்தபின், கிருஷ்ணனும் உடனாய்வாளர் வேங்கடேசுவரனும் தம் அறையில் உரையாடிக்கொண்டிருந்தனர். ஒன்பது மணியளவில் வாயிலில் இராமன் நின்று அழைத்தார். இறங்கிவந்து பார்த்தபோது அவர் பெரிதும் உள்ளக்கிளர்ச்சி கொண்டிருந்தார். கிராமர்சு, ஐசன்பர்க்கு என்னும் ஐரோப்பிய அறிஞர் 1925 இல் ஏட்டளவிற் கூறிய விளைவே காலையில் தாங்கள் கண்டது என்று சொல்லவே அவர் அவ்வேளையில் வந்திருந்தார். தெருவில் நின்றபடியே கால் மணி நேரத்திற்கு மேலாக அவர்கள் பேசினர். கிருஷ்ணனுடைய நாட்குறிப்பே இவற்றையெல்லாம் தெரிவிக்கின்றது. அந்நாட்குறிப்பு இல்லையேல் அவ்வாரத்தின் வரலாறு நமக்குக் கிட்டியிராது.

பிப்ரவரி 27 ஆம் நாள் கிருஷ்ணன் வீட்டில் ஒரு சமயச் சடங்கு. அவர் கழகத்திற்குச் செல்லவில்லை. மறுநாளும் பிற்பகலில்தான் சென்றார். இராமன் அங்கு இருந்தார். நீல ஊதாக் கண்ணாடியுடன் யுரேனியம் கலந்த கண்ணாடியையும் சேர்த்து, உட்செல்லும் ஒளியின் அகலத்தை மிகக் குறுக்கினர். பின்பு நிறமாலைகாட்டி வழியே நோக்கினர். உள்ளே சென்ற ஒளியின் நிறம் ஓரிடத்திலும், மாறிய ஒளியின் நிறம் வேறோரிடத்திலும் நின்றன. இரண்டிற்கும் இடையே இருண்ட ஒரு வெளி கிடந்தது. மாறிய ஒளி தனி என்பதற்கு அவ்விருளே சான்றாயிற்று.

இதன் பொருளை இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம். மூலக்கூறு ஓயாது அதிர்வது. அதன் ஊடே செல்லும் ஒளி, சுங்கச்சாவடியிற் சுங்கம் கட்டிச் செல்லும் வணிகனைப் போலத் தன் ஆற்றலில் ஒரு சிறு பங்கை அவ்வதிர்வுக்குக் கொடுத்துவிட்டுச் செல்கின்றது. ஆற்றல் குறைந்த ஒளி செந்நிறப் பக்கமாக நகர்ந்து தோன்றும். சாவடிக்குச் சாவடி சுங்கம் வேறுபடுதல்போல, மூலக்கூற்றுக்கு மூலக்கூறு இக்குறைவும் வேறுபடும். எனவே, நகர்ச்சியை அளந்தால் மூலக்கூறு இன்னதென்றும், அஃது எங்ஙனம் அதிர்கின்றதென்றும் சொல்லிவிடலாம்.

பிப்ரவரி 16 ஆம் நாளன்றே இராமனும் கிருஷ்ணனும் தம் இருவர் பெயரும் இட்டு, இலண்டன் மாநகரினின்று வெளிவரும் நேச்சர் என்னும் இதழுக்குக் கடிதம் விடுத்திருந்தனர். அது மார்ச்சு 31 ஆம் நாள் அச்சாயிற்று. 1930 ஆம் ஆண்டின் நோபெல் பரிசு இராமன் ஒருவர்க்கே வழங்கப்பெற்றது. கண்டுபிடிப்பும் இராமன் விளைவு என்றே பெயர் பெற்றது. இது குறித்து அந்நாளிலும் பேச்சு இருந்தது; பின்னாளிலும் இருந்து வருகின்றது. ஏழாண்டுகள் அவ்வினாவை விடாது பற்றி நின்றவரும், கண்டதன் பொருளை அன்றிரவே உணர்ந்தவரும் இராமனே என்பதில் ஐயமில்லை. அவ்வொளியின் அதிர்வுத்தளத்தை நாள்தோறும் கண் வலிக்க நோக்கியவர் கிருஷ்ணன் என்பதும் மறுக்கத் தக்கதன்று. பரிசுப் பேழையை வைத்து இதனை அளத்தல் பொருந்தாது. கிருஷ்ணன் பூசலுக்கு நிற்கவில்லை. பரிசு அறிவிக்கப்பெறுமுன்னரே அவர் வேறொரு வினாவுக்குச் சென்றுவிட்டிருந்தார்.

1928 டிசம்பரில் அவர் டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துணைப்பேராசிரியராகச் சேர்ந்தார். சத்தியேந்திரநாத போசு அங்கே பேராசிரியராக விளங்கிய காலம் அது. அங்குக் கிருஷ்ணன் படிகங்களைக் கையிலெடுத்தார். துணிப்பெட்டியில் இடும் அந்துருண்டையை யாவரும் அறிவர். அஃது ஆக்கப்பெறும் பொருள் நாப்தலீன். அதன் மூலக்கூறும், ஆந்திரசீனின் மூலக்கூறும் வளையங்கள் ஒட்டிய தட்டையான வடிவின. அடுக்கிய வரட்டிகளைப் போல அவை படிகத்துள் ஓர் ஒழுங்கிற் சாய்ந்து கிடக்கின்றன. எவ்வளவு சாய்வு என்பதே கேள்வி.

கிருஷ்ணன் கண்ட வழி மிகச் சிக்கனமானது. கடுகளவே இருக்கும் படிகத்தை மெல்லிய குவார்ட்சு இழையிற் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டார். இத்தகைய பொருள்கள் காந்தத்தை வெறுத்து விலகுவன. தட்டையான மூலக்கூறு, தன் தட்டுக்கு நேர்குத்தான திசையிலேயே மிகுதியாக வெறுப்புக் காட்டும். ஆதலாற் படிகம் தனக்கு உவந்த ஒரு நிலையிற் சென்று நிற்கும். இழையின் மேல்நுனியைச் சிறிது சிறிதாக முறுக்கிக்கொண்டே வந்தால், படிகம் ஓரளவு வரை பொறுத்திருந்து, பின் திடுமெனப் புரண்டுவிடும். அஃது எவ்வளவு முறுக்கிற் புரண்டது என்னும் ஓர் எண்ணைக் கொண்டே, உள்ளே மூலக்கூறுகளின் சாய்வைக் கணக்கிட இயன்றது. இம்முறையை வகுப்பதில் அவர்க்குத் துணைநின்றவர் பானர்ஜி என்னும் இளைஞர். எக்சு கதிரால் இப்படிகங்களை ஆய்ந்த ஆங்கிலப் பெண்மணி கேத்லின் லான்சுடேலும் கிருஷ்ணனும் 1936 இல் இணைந்தே ஒரு கட்டுரை எழுதினர். கல்கத்தாவில் நூலிழையிலும், இலண்டனில் எக்சு கதிரிலும் தெரிந்தது ஒரே உண்மையாக இருந்தது.

1933 இல் இராமன் பெங்களூர் சென்றார். கிருஷ்ணன் கல்கத்தாக் கழகத்திற்கே மீண்டு, நிறுவனர் மகேந்திரலால் சர்க்கார் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவியை ஏற்றார். அங்கே அவர் அப்படிகங்களில் ஒளியையும் செலுத்திப் பார்த்தார். ஒரு திசையில் அதிரும் ஒளியைப் படிகம் பெரிதும் விழுங்கிற்று. அதற்குக் குறுக்கே அதிரும் ஒளியைக் குறைவாக விழுங்கிற்று. ஒளியை ஏற்பதும் ஏலாமையும் மூலக்கூறு எது என்பதை மட்டும் பொறுத்தன அல்ல. அது கிடக்கும் நிலையையும் பொறுத்தன என்பது இதனால் வலியுறுத்தப்பட்டது. 1940 இல் இலண்டன் இராயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது. 1942 இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரானார். 1946 இல் ஆங்கில அரசு அவர்க்குச் சர் பட்டம் அளித்தது.

நாடு விடுதலை பெற்ற 1947 இல் புதுதில்லியில் அமைந்த தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. இயக்குநர் வேலையென்றாற் கோப்புகள் மலையெனக் குவியும். அவ்வளவிற்கும் நடுவே, வெற்றிடத்தில் மின்சாரத்தாற் காயும் கம்பியில் வெப்பம் எங்ஙனம் பரவுகின்றது என்னும் கணக்கையும் அவர் விடாது செய்துவந்தார். தமிழ் இலக்கியத்திலும் வடமொழி நூல்களிலும் அவர்க்கிருந்த பற்று தில்லியிலும் குறையவில்லை. 1949 இல் இந்திய அறிவியல் பேரவைக்குத் தலைமை தாங்கினார். 1954 இல் பத்மபூஷண் விருதும், 1958 இல் பட்நாகர் பரிசும் பெற்றார். 1961 ஆம் ஆண்டு சூன் திங்களில், இயக்குநராக இருக்கும்போதே, அறுபத்து இரண்டாம் வயதில் உயிர்நீத்தார்.

இலையை ஆய்தல் கிருஷ்ணன் மேற்கொண்ட பணியன்று. எனினும், இலைக்குள் ஒளி செல்லும் வழியைத் தேடியோர் அவர் நடந்த இரு தடங்களையும் விட்டு விலகவில்லை. பச்சையமும் தட்டையான வளைய மூலக்கூறே. நடுவே மக்னீசிய அணு ஒன்று வீற்றிருக்கும். 1948 இல் செருமானிய அறிஞர் பார்ஸ்டர், ஒளி ஏற்ற மூலக்கூறு அடுத்த மூலக்கூற்றுக்கு ஆற்றலை வழங்கும் விரைவைக் கணக்கிட்டுக் காட்டினார். இடைத்தொலைவு இருமடங்கானால் அவ்விரைவு அறுபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். தொலைவு ஒன்றாகவே இருந்தாலும், இரு மூலக்கூறுகளும் ஒன்றையொன்று நோக்கிய சாய்வு பிழையானால் ஆற்றல் செல்லாது. வாய்க்காலின் வாட்டம் போன்றதே இதுவும். ஆனால் இங்கு இடைத்தொலைவு ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பங்கிட்டால் வரும் ஒன்றிரண்டு பங்கு. கைம்மாறும் நேரமோ ஒரு நொடியை இலட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் சில பங்கு.

1995 இல், ஒளியுண்டு வாழும் ஊதாநிற நுண்ணுயிர் ஒன்றின் ஒளிவாங்கும் தொகுதியை எக்சு கதிர் முற்றிலும் காட்டிக்கொடுத்தது. பச்சையத்தின் இனத்தைச் சார்ந்த 27 மூலக்கூறுகள் அதில் இரண்டு வளையங்களாக நின்றன. ஒரு வளையத்தில் ஒன்பது. அவை ஒன்றுக்கொன்று விலகி, ஏறத்தாழப் படுத்த நிலையிற் கிடந்தன. மற்றொரு வளையத்திற் பதினெட்டு. அவை மிக நெருங்கி, நிமிர்ந்து நின்றன. மூலக்கூறு இரண்டிடத்தும் ஒன்றே. ஆயினும், ஒன்பதின் வளையம் 800 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை விழுங்குகின்றது. பதினெட்டின் வளையம் 850 நானோமீட்டர் ஒளியை விழுங்குகின்றது. நெருக்கமும் சாய்வுமே இவ்வேறுபாட்டை விளைத்தன.

இந்நாளில் ஆய்வாளர் அம்மூலக்கூறுகள் ஒவ்வொன்றின் இடத்தையும் சாய்வையும் கணிப்பொறியில் இடுகின்றனர். மூலக்கூறுகள் ஓரிடத்தும் அசையாது நிற்பன அல்ல. அவற்றைத் தாங்கும் புரதத்தோடு சேர்ந்து அவை நடுங்கிக்கொண்டேயிருக்கும். அந்நடுக்கம் எத்தகையது என்பதற்கு இராமன் விளைவால் அளந்த எண்கள் உதவுகின்றன. சாய்வு, தொலைவு, நடுக்கம் ஆகிய மூன்றையும் கொண்டு, இத்தொகுதி எவ்வாறான நிறமாலையைக் காட்டவேண்டும் என்று கணிப்பொறி கணக்கிடுகின்றது. உண்மையான தொகுதியிற் கண்ட நிறமாலையை அதனருகே வைத்து ஒப்பிடுகின்றனர். இரண்டும் பொருந்தினால், ஆற்றல் எம்மூலக்கூற்றினின்று எதற்குச் சென்றது என்பதைக் கணக்கிலே பின்தொடர்ந்து காணலாம். ஒன்பதின் வளையம் ஏற்ற ஆற்றல், ஒரு நொடியின் இலட்சம் கோடியில் ஏறத்தாழ ஒரு பங்கு நேரத்திற் பதினெட்டின் வளையத்தை அடைந்துவிடுகின்றது. பொருந்தவில்லையாயின், எங்கோ ஒரு சாய்வையோ ஓர் அதிர்வையோ பிழையாகக் கொண்டுள்ளோம் எனத் தெளிந்து, அதனை மீண்டும் அளக்கச் செல்கின்றனர்.